மொழி வழங்கும் நிலத்தில் ஓராண்டு: புணே நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

0. முன்னுரை

பல்கலைக்கழகத்தில் தற்கால மொழியொன்றைப் பாடமாகப் பயிலும் மாணவர், அம்மொழி வழங்கும் நிலத்தில் ஓராண்டேனும் வாழ்ந்து வருதல் வேண்டும் என்பது மேலைநாட்டு மொழிக்கல்வியில் ஏறத்தாழ ஒரு விதியாகவே நிலைபெற்றுள்ளது. இங்கிலாந்தில் பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளைச் சிறப்புப் பாடமாகக் கொள்வோர்க்குப் பட்டப்படிப்பு நான்காண்டுகளாக அமைவதும், அவற்றுள் மூன்றாம் ஆண்டு அயல்நாட்டில் கழிவதும் வழக்கம். இவ்வோராண்டு வகுப்பறையால் தர இயலாத எதைத் தருகிறது? நிலத்தில் வாழ்ந்த அளவிலேயே மொழி வந்துவிடுமா? இந்திய மொழியொன்றைப் பயிலும் பிற இந்திய மொழியாளர்க்கு இத்தகைய ஓராண்டு தேவையா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குப் புணே நகர் களமாகக் கொள்ளப்படுகிறது. இந்நகரில் மூன்று நிலைகளை ஒருசேரக் காணலாம். அயல்மொழி பயின்று அயல்நாடு செல்ல விழையும் மாணவர் ஒருநிலையினர். மராத்தி பயில அயல்நாட்டிலிருந்து வருவோர் மற்றொரு நிலையினர். இந்தியாவின் பிற மாநிலங்களிலிருந்து இந்திய மொழி பயில வரும் ஆசிரியர் மூன்றாம் நிலையினர். இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்கும்போது, மொழியைக் கற்பிப்பது நிலமன்று, அந்நிலத்தில் கற்போர்க்கு வாய்க்கும் உறவே என்பது புலனாகும்.

1. ஓராண்டு மரபின் தோற்றம்

மொழி பயில வேற்று நிலம் செல்லுதல் பழைய வழக்கமே. எனினும் பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு கூறாக அது முறைப்படுத்தப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான். இங்கிலாந்தும் பிரான்சும் 1905ஆம் ஆண்டு முதல் தத்தம் இளைஞரை மற்ற நாட்டுப் பள்ளிகளுக்கு மொழித் துணையாசிரியராக அனுப்பத் தொடங்கின. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழக ஆசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைடு 1923ஆம் ஆண்டு எட்டு மாணவரை அழைத்துக்கொண்டு பிரான்சு சென்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அயல்நாட்டு ஓராண்டுத் திட்டங்களுக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இவ்வழக்கத்தை மொழி மாணவர்க்கு மட்டுமன்றி அனைத்துத் துறையினர்க்கும் விரிவுபடுத்தியது.

இம்மரபின் பயனை அளந்தறிய முற்பட்ட முதற் பேராய்வு ஜான் பி. கரோல் என்பாருடையது. 1967ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், அமெரிக்காவின் 200க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் மொழியைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு இறுதியாண்டு பயின்ற மாணவரின் திறன் சோதிக்கப்பட்டது. அயல்நாட்டில் தங்கியிருந்த காலம் மொழித்திறனோடு நெருங்கிய தொடர்புடையது என்பதும், குறுகிய காலம் தங்கியவரும் ஓரளவு பயன் பெற்றனர் என்பதும் அவர் கண்ட முடிவுகள். இம்முடிவுகளே பின்னர் பல பல்கலைக்கழகங்கள் இத்திட்டத்தை வற்புறுத்துவதற்குத் துணையாயின. எனினும் பிற்கால ஆய்வுகள் இம்முடிவைப் பெரிதும் நுணுக்கப்படுத்தியுள்ளன. அவை ஆறாம் பகுதியில் கூறப்படும்.

2. புணேயிலிருந்து அயல்நாடு

1949ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய புணே பல்கலைக்கழகம், 2014ஆம் ஆண்டு முதல் சாவித்திரிபாய் புலே புணே பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது. இதன் அயல்மொழித் துறை ஃபர்குசன் கல்லூரிச் சாலையிலுள்ள ரானடே நிறுவன வளாகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் முதலிய மொழிகளை நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. ஜெர்மன் மொழிக்கு மாக்ஸ் முல்லர் பவனும் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேசும் இந்நகரில் உள்ளன. ஜப்பானியம் பயில்வோர் மிகுந்த இந்திய நகரங்களுள் புணேயும் ஒன்று. நகரைச் சூழ்ந்துள்ள தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் இம்மொழி கற்றோர்க்கு வேலைவாய்ப்பளிப்பது இதற்கு முதன்மையான காரணம்.

இம்மாணவர்க்கு ஓராண்டு என்பது பாடத்திட்டத்தின் கூறன்று. போட்டியிட்டுப் பெற வேண்டிய பேறு. ஜப்பானிய அரசு ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் பாடமாகக் கொண்ட அயல்நாட்டு இளங்கலை மாணவர்க்கு ஓராண்டு உதவித்தொகை வழங்குகிறது. ஜெர்மனி, பிரான்சு நாடுகளும் உதவித்தொகைகளையும் துணையாசிரியர் பணிகளையும் அளிக்கின்றன. ஆயினும் இவை சிலர்க்கே கிட்டும். ஏனையோர் தம் மொழியின் நிலத்தைக் காணாமலே பட்டம் பெறுகின்றனர். அவருள் பலர் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளராகவும் ஆசிரியராகவும் விளங்குவதும் உண்டு. எனவே ஓராண்டு இன்றி மொழி வாராது என்று கூறுதல் பொருந்தாது. அவ்வாறாயின் ஓராண்டால் வருவது எது என்னும் வினா மேலும் கூர்மை பெறுகிறது.

3. அயல்நாட்டிலிருந்து புணே

அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1961ஆம் ஆண்டு டபிள்யூ. நார்மன் பிரவுன் முயற்சியால் தோன்றியபோது, இந்தியாவில் அதன் முதல் அலுவலகம் புணே டெக்கான் கல்லூரியில் அமைந்தது. பின்னர் அந்நிறுவனம் மொழிதோறும் பயிற்சி மையங்களை நிறுவியபோது, தமிழுக்கு மதுரையையும் மராத்திக்குப் புணேயையும் தெரிந்துகொண்டது. மொழி வழங்கும் நிலத்திலேயே அம்மொழியைக் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கையே இத்தேர்வுக்கு அடிப்படை. அமெரிக்க நடுமேற்குப் பகுதிக் கல்லூரிகள் சிலவும் ஒன்றுகூடித் தம் இளங்கலை மாணவரைப் பல ஆண்டுகள் புணேக்கு அனுப்பி வந்தன. அம்மாணவர் நகரத்துக் குடும்பங்களில் தங்கி மராத்தி பயின்றனர்.

இவ்வாறு மராத்தி நிலத்துக்கு வந்தோரிடமிருந்து மராத்திக்குக் கிடைத்த பயன் சிறிதன்று. அமெரிக்காவிலிருந்து வந்த மாக்சின் பெர்ன்சன், சாத்தாரா மாவட்டத்துப் பல்டண் என்னும் ஊரில் மக்களின் பேச்சு வேறுபாட்டைச் சமூகப் பின்னணியோடு பொருத்தி ஆராய்ந்தார். எழுத்தாளர் ஜாயி நிம்ப்கருடன் இணைந்து அவர் உருவாக்கிய மராத்திப் பாடநூல்களும் இலக்கண நூலும் அயலார் மராத்தி கற்பதற்கு இன்றியமையாதனவாயின. அவர் பின்னர் அவ்வூரிலேயே தங்கி இந்தியக் குடியுரிமையும் பெற்றார். ஜெர்மானியரான குந்தர் சோந்தைமர் தங்கர் எனப்படும் ஆயர் மக்களின் வாய்மொழி மரபுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். நூலகத்தில் அமர்ந்து செய்யத்தக்க பணிகளல்ல இவை. பேசும் மொழியைச் செவியால் அறிந்து, பேசுவோரின் நம்பிக்கையையும் பெற்றாலன்றி இவை நிறைவேறியிரா.

கடல் கடந்து வந்தோர் மராத்தியில் பெற்ற இவ்வாய்ப்பு, அண்டை மாநிலத்தவராகிய நமக்கு ஏன் பரவலாக வாய்க்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

4. ஒரே வளாகத்தில் மூன்று மொழிகள்

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் மைசூரில் தோன்றியது. மும்மொழித் திட்டத்தைச் செயற்படுத்தத் தேவையான ஆசிரியரை உருவாக்கும் பொருட்டு, 1970ஆம் ஆண்டு மைசூர், புவனேசுவரம், பட்டியாலா, புணே ஆகிய நகரங்களில் மண்டல மொழி மையங்கள் நிறுவப்பட்டன. இலக்னோ, சோலன், குவகாத்தி மையங்கள் பின்னர் வந்தவை. மாநில அரசுகள் அனுப்பும் பள்ளி ஆசிரியர் தம் தாய்மொழியல்லாத இந்திய மொழியொன்றைப் பத்து மாதம் தங்கிப் பயிலுதல் இம்மையங்களின் தலையாய திட்டமாகும். பிறர் ஓராண்டு என்பதை நாம் பத்து மாதம் என்கிறோம், கருத்து ஒன்றே. அயல்நாடு செல்லாமலே வேற்றுமொழி நிலத்தில் வாழும் வாய்ப்பை இந்தியா தன் எல்லைக்குள்ளேயே அமைத்துக்கொண்ட முயற்சி இது.

தமிழ்நாடு 1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இருமொழிக் கொள்கையை ஏற்றது. ஆகவே பிற மாநிலங்களைப் போலப் பள்ளித் தேவைக்கென ஆசிரியரை அனுப்பும் சூழல் தமிழ்நாட்டில் எழவில்லை. அக்கொள்கையின் நன்மை தீமை இக்கட்டுரையின் பொருளன்று. பள்ளியின் தேவை வேறு, பல்கலைக்கழகத்தின் தேவை வேறு என்பதை மட்டும் இங்குக் குறித்தல் போதும்.

மேற்கு மண்டல மொழி மையம் புணேயில் டெக்கான் கல்லூரி வளாகத்தில் உள்ளது. 1950களின் நடுப்பகுதியில் நடைபெற்ற மொழியியல் பயிற்சிப் பள்ளிகளால் இந்தியாவில் தற்கால மொழியியல் வேரூன்றுவதற்கு இடமளித்த வளாகம் அது. இம்மையத்தில் மராத்தி, குசராத்தி, சிந்தி ஆகிய மொழிகள் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. இங்கு ஓர் அரிய ஒப்பீட்டுக்கு இடமுண்டு. மூன்று மொழிகளுக்கும் பாடமுறை ஒன்று, காலம் ஒன்று, விடுதியும் ஒன்று. வளாக வாயிலுக்கு வெளியே உள்ள மொழிச்சூழல் மட்டுமே வேறு.

மராத்தி பயில்வோர்க்கு வாயிலைத் தாண்டியதும் இலக்கு மொழி தொடங்குகிறது. பேருந்து, காய்கறிக் கடை, நாளிதழ், நாடக அரங்கு அனைத்தும் மராத்தியிலேயே உள்ளன. குசராத்தி பயில்வோர்க்கு அவ்வாறன்று. குசராத்தி வணிகக் குடும்பங்கள் புணேயில் நெடுங்காலமாக வாழ்கின்றன. ஆயினும் அவர்தம் மொழி வீட்டிற்குள்ளும் தம்மவரிடையேயும் வழங்குவது. புதியவரிடம் அவர் பேசுவது மராத்தியோ இந்தியோதான். எனவே குசராத்தியின் ஓசை காதில் விழலாம், ஆனால் கற்பவரை நோக்கி அது பேசப்படுவதில்லை.

சிந்தியின் நிலை தனித்தன்மையுடையது. 1967ஆம் ஆண்டு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற இம்மொழிக்கு இந்தியாவில் தனி மாநிலம் இல்லை. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் சிந்துவை விட்டு வந்த மக்கள் குடியமர்ந்த முகாம்களுள் ஒன்று புணேயை அடுத்த பிம்பிரியில் அமைந்தது. ஆகவே சிந்தி பயில்வோர் ‘நிலம்’ என்று செல்லத்தக்கது ஒரு மாநிலமன்று, ஒரு குடியிருப்பு. தேவநாகரி, அரபு வழிப்பட்ட எழுத்து என இருவகை எழுத்தில் வழங்குவது இம்மொழி. மூச்சை உள்ளிழுத்து ஒலிக்கும் நான்கு வெடிப்பொலிகளும் இதற்கு உண்டு. அவ்வொலிகளை எழுத்தால் விளக்க இயலாது; பேசுவோரின் வாயினின்றே கேட்டறிய வேண்டும். பிம்பிரிக் குடும்பமொன்றின் நட்பைப் பெற்ற மாணவர்க்கு, மாநிலமற்ற ஒரு மொழிக்கும் நிலம் கிடைத்துவிடுகிறது. அந்நட்பைப் பெறாதவர்க்கோ வகுப்பறை மட்டுமே எஞ்சுகிறது.

இவ்வொப்பீட்டால் நிலம் என்பது புவியியல் சார்ந்த ஒன்றன்று என்பது பெறப்படும். கற்பவரை இலக்கு மொழியில் விளித்து, அம்மொழியிலேயே விடையை எதிர்பார்க்கும் மக்கள் எங்குளரோ அங்கேதான் அவருக்குரிய நிலம் உள்ளது.

5. நிலம் கற்பிப்பவை

மராத்தியைத் தமிழர் பயில்வதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வகுப்பறைக்கு உரியவை எவை, நிலத்துக்கு உரியவை எவை எனப் பகுத்துக் காணலாம். (தமிழ் எழுத்தில் தரப்படுவதால் மராத்திச் சொற்களின் மூச்சொலி வேறுபாடு இங்குக் காட்டப்படவில்லை.)

5.1. இறந்தகால வினையின் இயைபு வகுப்பறைக்கு உரியது. ‘மீ ஆம்பா கால்லா’ என்பது ‘நான் மாம்பழம் தின்றேன்’ எனப் பொருள்படும். ‘மீ போளீ கால்லீ’ என்பது ‘நான் போளி தின்றேன்’ எனப் பொருள்படும். ஆம்பா ஆண்பால் பெயர். போளீ பெண்பால் பெயர். வினைமுற்று எழுவாயோடு இயையாமல் செயப்படுபொருளின் பாலோடு இயைகிறது. எழுவாயோடு வினை இயையும் தமிழை முதல்மொழியாக உடையோர்க்கு இது புதுமை. உயிரற்ற பொருள்களுக்கும் ஆண், பெண், அலி என முப்பால் உண்டு என்பதும் அவ்வாறே. இவற்றைத் தெருவில் கேட்டு மட்டும் உணர்தல் அரிது. விதியாகக் கற்பித்துப் பயிற்சியால் நிலைப்படுத்த வேண்டும்.

5.2. சில கூறுகள் தமிழர்க்கு எளிதாகவே வாய்ப்பன. ‘மலா பாணீ பாஹிஜே’ என்பது ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதற்கு நேரானது. ‘மலா பாணீ நகோ’ என்பது ‘எனக்குத் தண்ணீர் வேண்டாம்’ என்பதற்கு நேரானது. நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர் முன்நிற்பதும், வேண்டாம் என்பதற்குத் தனி எதிர்மறைச் சொல் இருப்பதும் இருமொழிக்கும் பொது. இந்தியில் ‘சாஹியே’ என்பதோடு ‘நஹீம்’ சேர்த்தே எதிர்மறை பெறப்படும். கேட்போரை உளப்படுத்தும் ‘ஆபண்’, உளப்படுத்தாத ‘ஆம்ஹீ’ என்னும் தன்மைப் பன்மை வேறுபாடு தமிழின் நாம், நாங்கள் வேறுபாட்டை ஒத்தது. இந்தியின் ‘ஹம்’ இவ்வேறுபாட்டைக் காட்டாது. இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டே மராத்தியின் தோற்றத்தில் திராவிடத் தொடர்பு குறித்து ஃபிராங்க்ளின் சவுத்வர்த் முதலியோர் ஆராய்ந்தனர். மராத்தியை இந்தி வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ கற்கும் தமிழர் தமக்கு இயல்பாக வாய்த்த இவ்வெளிமையை இழக்க நேரிடும் என்பது இங்குக் கருதத்தக்கது.

5.3. விளிச்சொற்கள் நிலத்துக்கு உரியவை. ‘அரே’ ஆணையும் ‘அக’ பெண்ணையும் உரிமையுடன் விளிப்பன. ‘அஹோ’ மதிப்புடன் விளிப்பது. முன்னிலையில் ‘தூ’, ‘தும்ஹீ’ எனவும், மிகுந்த மதிப்பிடத்து ‘ஆபண்’ எனவும் படிநிலை உண்டு. இப்பட்டியலைப் பாடநூல் ஒரு பக்கத்தில் தந்துவிடும். ஆனால் எவரை எப்போது எவ்வாறு விளிப்பது என்பது பட்டியலில் அடங்காது. தாயைத் ‘தூ’ என்று விளிப்பது அன்பு. பல குடும்பங்களில் தந்தையை அவ்வாறு விளிப்பதில்லை. அம்மாவை நீ என்றும் அப்பாவை நீங்கள் என்றும் பேசி வளர்ந்த தமிழர்க்கு இது உடனே விளங்கும். எனினும் பக்கத்து வீட்டு மூதாட்டியையோ, தன்னினும் இளைய அலுவலரையோ, பல மாதம் பழகிய நண்பரையோ எச்சொல்லால் விளிப்பது? ‘தும்ஹீ’ என்பதிலிருந்து ‘தூ’ என்பதற்கு மாறும் தருணத்தை இலக்கணம் குறிப்பதில்லை. உறவு முதிரும்போது எதிரிலிருப்பவரே அதனை உணர்த்துவார்.

5.4. விடைபெறும்போது மராத்தியர் ஆணாயின் ‘யேதோ’ என்றும் பெண்ணாயின் ‘யேதே’ என்றும் கூறுவர். ‘வருகிறேன்’ என்பது பொருள். போகின்றவர் வருகிறேன் என்பது தமிழர்க்குப் புதிதன்று. தன்மை வினையிலும் பால் வேறுபடும் என்பதே புதிது. ஆசிரியையிடம் மட்டும் பயின்ற ஆண் மாணவரும் ஆசிரியரிடம் மட்டும் பயின்ற மாணவியும் தம்மையறியாமல் ஆசிரியர் கூறும் வடிவையே பின்பற்றிவிடும் இடர் இங்கு உண்டு. ஒருவரிடமன்றிப் பலரிடம் கேட்டால்தான் இவ்விடர் நீங்கும்.

5.5. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள வேறுபாடும் நிலத்தில்தான் செவிக்குப் பழகும். எழுத்தில் ‘கேலே’ என வருவது பேச்சில் அகர ஈறாக ஒலிக்கும். பாடநூல் வடிவை மட்டும் அறிந்தவர் பேசினால் மேடைப்பேச்சுப் போலத் தோன்றும். பேச்சு வடிவை மட்டும் அறிந்தவர் தலையங்கம் படிக்கத் தடுமாறுவார். இரண்டும் எங்கெங்கு உரியவை என்னும் உணர்வே மொழித்திறனின் முதிர்ந்த நிலை எனலாம்.

6. நிலம் விதிக்கும் தடைகள்

புணேயில் மராத்தி பயில்வோர் எதிர்கொள்ளும் பெருந்தடை புணே மக்களின் நன்னயமே. கற்பவர் தட்டுத்தடுமாறி மராத்தியில் வினவத் தொடங்கியவுடன், அவர்தம் இடர்ப்பாட்டைக் குறைக்க எண்ணிக் கடைக்காரர் இந்தியில் விடையளிக்கிறார். கல்லூரி மாணவர் ஆங்கிலத்தில் விடையளிக்கிறார். உரையாடல் எளிதில் முடிகிறது. கற்றல் அங்கேயே நின்றுவிடுகிறது. பன்மொழி வழங்கும் நகரம் மொழி கற்போர்க்கு வாய்ப்பையும் தப்பிக்கும் வழியையும் ஒருங்கே தருவது. விடுதியில் தம் மாநிலத்தவரோடு மட்டும் பழகுவோர் பத்து மாதம் கழித்தும் தம் மொழியிலேயே வாழ்ந்து திரும்புதல் கூடும்.

இவ்வுண்மையை அயல்நாட்டு ஆய்வொன்றும் உறுதிப்படுத்துகிறது. பார்பரா ஃபிரீட், நார்மன் செகலோவிட்ஸ், டேன் டூயி ஆகியோர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு பயிலும் அமெரிக்க மாணவர் 28 பேர் மூன்று குழுக்களாக ஒப்பிடப்பட்டனர். ஒரு குழுவினர் தம் கல்லூரி வகுப்பில் பயின்றனர். ஒரு குழுவினர் பிரான்சில் தங்கிப் பயின்றனர். மற்றொரு குழுவினர் அமெரிக்காவிலேயே, பிரெஞ்சில் மட்டும் பேசுவது என்னும் உறுதியோடு நடத்தப்பட்ட கோடைக்கால முகாமில் பயின்றனர். சரளமாகப் பேசும் திறனில் மிகுந்த முன்னேற்றம் கண்டவர் பிரான்சு சென்றவரல்லர், முகாமில் பயின்றவரே. வகுப்புக்கு வெளியே அவர்கள் பிரெஞ்சை மிகுதியாகப் பயன்படுத்தினர். பிரான்சு சென்றவர்களோ வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே மிகுதியாகப் பயன்படுத்தியதாகக் கூறினர். குழுக்கள் சிறியனவே எனினும், இம்முடிவு புறக்கணிக்கத்தக்கதன்று.

ரஷ்யாவுக்குச் சென்ற அமெரிக்க மாணவரைப் பற்றி ரிச்சர்ட் பிரெக்ட், டான் டேவிட்சன், ரால்ஃப் கின்ஸ்பர்க் ஆகியோர் 1990களில் வெளியிட்ட ஆய்வுகள் மேலும் இரு செய்திகளைத் தெரிவிக்கின்றன. புறப்படுமுன்னரே இலக்கணத்திலும் வாசிப்பிலும் நல்ல அடிப்படை பெற்றிருந்தோர் நிலத்தில் மிகுந்த பயன் பெற்றனர் என்பது ஒன்று. ஆண்கள் பேச்சுத்திறனில் பெண்களைவிட மிகுதியாக முன்னேறினர் என்பது மற்றொன்று. பின்னதற்குக் காரணம் மொழியாற்றல் வேறுபாடன்று. மாணவியரின் குறிப்பேடுகளையும் கூற்றுகளையும் ஆராய்ந்த லிவியா பொலானி, அவர்கள் ஆண்களோடு நிகழ்த்த நேர்ந்த உரையாடல்கள் பல தொல்லையாகவும் இழிவாகவும் முடிந்தன என்பதை 1995ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். அந்நிலையில் அவர்கள் கற்றது உரையாடலை வளர்க்கும் மொழியன்று, அதிலிருந்து விலகும் மொழி.

நம் நாட்டுச் சூழலில் இச்செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. குடும்பத்தைப் பிரிந்து பத்து மாதம் வேற்றூர் விடுதியில் தங்கும் ஆசிரியைக்கு மாலை வேளையில் தேநீர்க் கடையில் அமர்ந்து ஊர்ப்பேச்சைக் கேட்கும் வாய்ப்பு ஆசிரியர்க்கு உள்ள அளவு இல்லை. தெருவையே வகுப்பறையாகக் கொள்ளும் திட்டம், தெருவில் தடையின்றி நிற்கக் கூடியவர்க்கு மட்டுமே முழுப்பயன் தரும். எனவே குடும்பங்களோடு தங்கும் ஏற்பாடு, மகளிர் குழுக்களோடும் பள்ளிகளோடும் பழகும் ஏற்பாடு ஆகியவை விருந்தோம்பல் சார்ந்த வசதிகளல்ல. பாடத்திட்டத்தின் கூறுகளாகவே அவை கருதப்பட வேண்டும்.

7. தமிழ் பயில்வோர் நிலை

மேற்கூறிய கருத்துகளைத் தமிழுக்குப் பொருத்திக் காண்போம். மண்டல மொழி மையத் திட்டத்தில் பிற மாநில ஆசிரியர் தமிழ் பயிலும் இடம் மைசூரிலுள்ள தென்மண்டல மையமாகும். கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவையும் அங்கேயே கற்பிக்கப்படுகின்றன. புணேயில் குசராத்திக்கு உள்ள நிலையே மைசூரில் தமிழுக்கும் உள்ளது. வாயிலுக்கு வெளியே வழங்குவது கன்னடம். பயிற்சியின் ஒரு பகுதியாக மொழி வழங்கும் நிலத்துக்குச் சென்று வரும் சுற்றுப்பயணம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் சுற்றுப்பயணத்தில் காண்பதற்கு நேரமுண்டு, பழகுவதற்கு நேரமில்லை.

தமிழில் இத்தேவை ஏனைய மொழிகளைவிட மிகுதி. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள இடைவெளி மராத்தியில் உள்ளதைவிடத் தமிழில் பன்மடங்கு பெரிது. ‘அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று கற்றவர் ‘வந்துகிட்டிருக்காங்க’ என்று கேட்கும்போது திகைக்கிறார். அவ்வாறே பேசக் கற்ற பின்னர், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் வடிவங்களைக் கேட்டு மீண்டும் திகைக்கிறார். அமெரிக்க நிறுவனம் தமிழுக்கு மதுரையைத் தெரிந்துகொண்டதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

புணே ஒரு மாற்று வழியையும் காட்டுகிறது. கட்கி, தேகுரோடு முதலிய படைவீட்டுப் பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. சிந்தி பயில்வோர்க்குப் பிம்பிரி பயன்படுவதைப் போல, தமிழ் பயில விழையும் மராத்தி மாணவர்க்கு இக்குடியிருப்புகள் முதற்படியாகப் பயன்படலாம். மராத்திச் சூழலில் நெடுங்காலம் வழங்கும் அத்தமிழ், இருமொழியத்தை ஆராய்வோர்க்கும் நல்ல களமாகும்.

மறுபுறம், மராத்தி பயிலும் தமிழரின் தேவையும் எண்ணப்பட வேண்டும். வி. ச. காண்டேகரின் புதினங்களைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்து தமிழாக்கியபோது, தமிழ் வாசகர் அவரைத் தம் எழுத்தாளருள் ஒருவராகவே ஏற்றனர். இருமொழியையும் நேரே அறிந்த ஒருவரால் ஒரு தலைமுறைக்கே விளைந்த பயன் அது. அத்தகையோர் தாமாகத் தோன்றும்வரை காத்திராமல் அவரை உருவாக்குவது பல்கலைக்கழகங்களின் கடமையாகும். இல்லையேல் அண்டை மொழி இலக்கியங்கள் ஆங்கிலத்தின் வழியாகவே நம்மை வந்தடையும். ‘தூ’ என்பதும் ‘தும்ஹீ’ என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். அதிலிருந்து தமிழாக்குவோர் நீ, நீங்கள் இரண்டனுள் ஒன்றை ஊகித்தே எழுத வேண்டும். இரண்டு மொழிகளிலும் உள்ள வேறுபாடு இடையிலுள்ள மொழியால் அழிந்துபோவது பெரும் இழப்பன்றோ?

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

அ. மொழி வழங்கும் நிலத்தில் ஓராண்டு வாழ்தல் பயனுடையது. எனினும் தானே பயன் விளைப்பதன்று. இலக்கு மொழியில் விளிக்கப்பட்டு விடையிறுக்கும் உறவுகள் அமைந்தாலன்றி அது வெறும் இடமாற்றமாகவே முடியும்.

ஆ. இலக்கண அடிப்படை பெற்ற பின்னரே நிலத்துக்கு அனுப்புதல் நலம். இயைபு, பால், வேற்றுமை ஆகியவை வகுப்பறையில் தொடங்க வேண்டியவை. விளி, மதிப்பு, வழக்குத் தெரிவு ஆகியவை நிலத்தில் முதிர வேண்டியவை.

இ. குடும்பத்தோடு தங்குதல், வாரந்தோறும் கள உரையாடல்களைப் பதிவுசெய்தல், திரும்பியபின் பேச்சுத்திறனைச் சோதித்தல் ஆகியவை திட்டத்தில் இடம்பெற வேண்டும். மாணவியரின் நிலை தனியே கருதப்பட வேண்டும்.

ஈ. தமிழ் பயிலும் பிறமொழியாளர்க்குப் பத்து மாதத்தில் சில மாதங்களேனும் தமிழ்நாட்டில் அமைதல் வேண்டும்.

உ. தமிழ், மொழியியல் துறைகளில் முதுகலை பயில்வோர் அண்டை மொழியொன்றை ஓராண்டு அம்மொழி நிலத்தில் பயில வழி செய்ய வேண்டும். ஒரு நிறுவனத்தில் ஈட்டிய மதிப்பீட்டுப் புள்ளிகளை மற்றொன்றில் கணக்கிட உதவும் கல்விப் புள்ளி வங்கி 2021ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்துள்ளது. எனவே படிப்பு இடையில் அறுபடும் என்னும் பழைய தடையும் தளர்ந்துள்ளது.

பாரிசுக்கோ தோக்கியோவுக்கோ ஒருவரை ஓராண்டு அனுப்புதற்கு ஆகும் பொருட்செலவு பெரிது. அது சிலர்க்கே வாய்க்கும். சென்னையிலிருந்து புணேக்குச் செல்ல ஒரு நாள் இரயில் பயணம் போதும். பயணம் சிறிதாயினும், இறங்கியபின் எதிர்ப்படுவது முற்றிலும் வேறான ஒரு மொழியுலகம். அவ்வுலகில் ஓராண்டு கழித்து விடைபெறும் தமிழ் மாணவர் ‘யேதோ’ என்றோ ‘யேதே’ என்றோ தயக்கமின்றிக் கூறி, ‘மீண்டும் வருக’ என்னும் விடையை இந்தியிலன்றி மராத்தியிலேயே பெறுவாராயின், அவ்வோராண்டு தன் பயனைத் தந்தது எனக் கொள்ளலாம்.